மோல்மீன் சாலையில் செத்த ப்ளக்

ஓடுகிற வழியில் ஸ்பார்க் ப்ளக் செத்தால் என்ன செய்வது என்று சொல்லப்போகிறேன். ஸ்பார்க் ப்ளக் என்பது பொறி கொடுத்துப் பெட்ரோலைப் பற்றவைக்கிற சின்னப் பாகம். பெரிய லாரி ஓட்டுகிறவர்களுக்கு இதில் வேலை இல்லை. அவர்களுடையது டீசல். டீசல் என்ஜினில் ஸ்பார்க் ப்ளக்கே கிடையாது, காற்றை அழுத்துகிற சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். நான் சொல்லப்போவது பர்மாவில் எந்த ஊர்ச் சந்தைக்குப் போனாலும் நிற்கிற சின்ன பெட்ரோல் வண்டிகளைப் பற்றி. ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்து சேர்ந்த டவுன் ஏஸ், அப்புறம் சுசூகி கேரி. ஸீட்டைத் தூக்கினால் அடியில் என்ஜின் இருக்கும்.

எங்கள் வண்டி பழைய டவுன் ஏஸ். பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்பரேட்டர், ப்ளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர், நாலு சிலிண்டர், நாலு ப்ளக். கொரோனாவுக்கு முந்தின ஓர் ஆடி மாதம், மோல்மீனில் அம்மன் கோயில் திருவிழாவுக்காக ரங்கூனிலிருந்து சாமான் ஏற்றினோம். எண்ணெய் டின்கள், சூடம், சாம்பிராணி, மூட்டை மூட்டையாகக் குங்குமம், முலாம் போட்டு வாங்கிய இரண்டு பெரிய குத்துவிளக்கு. மச்சானையும் கூட்டிக்கொண்டேன். பேச்சுத் துணைக்கு மட்டும் இல்லை. 1970இல் பர்மாவில் சாலையின் வலது பக்கம் ஓட்டவேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். ஜப்பான் வண்டிக்கோ ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்டவேண்டும் என்றால் இடது ஸீட்டில் இருப்பவன் தலையை வெளியே நீட்டிப் பார்த்து "போ" என்று சொல்லவேண்டும். மச்சான் அதில் கெட்டிக்காரன், தூங்காமல் இருந்தால்.

ரங்கூன், பெகு, சித்தாங் பாலம், சைக்தோ, பிலின், தட்டோன், கடைசியில் சால்வீன் ஆற்றுப் பாலம் தாண்டி மோல்மீன். மொத்தம் 300 கிலோமீட்டருக்குப் பக்கம். அந்தப் பாலம் 2005இல்தான் வந்தது, அதற்கு முன்னால் மார்த்தபானில் வண்டியைப் படகில் ஏற்றவேண்டும். நாங்கள் போன காலத்தில் சாலை நல்ல சாலைதான், மழைக்காலம் மட்டும் வேறு. சென்னையில் வருஷம் முழுக்கப் பெய்கிற மழை 1,400 மில்லிமீட்டர் சொச்சம். மோல்மீனில் 4,800க்குப் பக்கம், அதிலும் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள்ளேயே கொட்டித் தீர்த்துவிடும்.

பெகுவைத் தாண்டியதும் தாழ்ந்த வயல்காடு. சாலைமேல் தண்ணீர் ஏறியிருந்தது. முன்னால் வண்டிகள் வரிசை கட்டி ஊர்ந்தன, நாங்களும் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக ஊர்ந்தோம், பாதி நேரம் நின்றே இருந்தோம். ப்ளக்குக்கு இந்த மாதிரி ஓட்டம் பிடிக்காது. ப்ளக்கின் நுனி 500 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அதில் படிகிற கரி தானாக எரிந்து போகும். 800ஐ வெகுவாகத் தாண்டினால் அதுவும் கெடுதல், ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும். நின்று நின்று ஊர்கிற வண்டியில் நுனி அந்த 500ஐ எட்டவே எட்டாது. கரி சேர்ந்துகொண்டே போகும்.

சித்தாங் பாலம் தாண்டிச் சாலை காலியானதும் வேகம் எடுத்தோம். சைக்தோவுக்கு அப்பால் ரப்பர் தோட்டம் தொடங்குகிற ஒரு சின்ன ஏற்றத்தில் வண்டி மிஸ்ஸாக ஆரம்பித்தது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தப்பியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தம் வருகிறது, இழுவை இல்லை. சைலன்சரில் டப் டப் என்று ஓர் ஒழுங்கில்லாத அடி. ஓரம் கட்டி நியூட்ரலில் விட்டால் வண்டியே தாளம் தப்பி உதறியது, பின்னால் குத்துவிளக்கு ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தது. சைலன்சர் பக்கம் போய் முகர்ந்தால் பச்சைப் பெட்ரோல் வாடை.

இப்படி ஆனால் முதலில் செய்யவேண்டியது ஒன்றுதான்: எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது. மச்சானை எழுப்பி இறக்கிவிட்டு ஸீட்டைத் தூக்கினேன், அவன் குடை பிடித்தான். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ப்ளக் வயரின் ரப்பர் மூடியை ஒவ்வொன்றாக இழுத்து உடனே திரும்ப மாட்டவேண்டும். நல்ல சிலிண்டரின் வயரைப் பிடுங்கினால் என்ஜின் இன்னும் மோசமாக உதறும். செத்த சிலிண்டரின் வயரைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இருக்காது. எங்களுக்கு இரண்டாவது அப்படிச் சும்மா இருந்தது. ஒரு எச்சரிக்கை: அந்த வயரில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். ஈரக்கையால் தொடாதீர்கள். நான் உலர்ந்த துணியைப் பல மடிப்பாக மடித்து அதற்குமேல் ரப்பர் செருப்பை வைத்துப் பிடித்தேன். ரப்பர் பிடி போட்ட இடுக்கி இருந்தால் இன்னும் நல்லது. ப்ளக்குக்கு மேலேயே தனித்தனி காயில் (வோல்ட்டை ஏற்றித் தரும் பாகம்) வைத்த புது வண்டிகளில் காயிலைத் தூக்கவேண்டாம், அதற்கு வருகிற சின்ன கனெக்டரைக் கழற்றினாலே போதும்.

அடுத்து ப்ளக்கைக் கழற்றுவது. இதில் மூன்று விஷயம், மூன்றுமே ரோட்டில் நிற்கிற அவசரத்தில் மறந்துபோகும். என்ஜின் ஆறவேண்டும். சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட் அலுமினியம் என்றால் சூட்டோடு திருகுகிறபோது மரை பிய்ந்துகொண்டு வரும், அப்புறம் ப்ளக் மாற்றுகிற வேலை ஹெட்டைக் கழற்றுகிற வேலையாக ஆகிவிடும். இரண்டாவது, ப்ளக்கைச் சுற்றியுள்ள குழியில் கிடக்கும் மண்ணையும் தண்ணீரையும் ஊதித் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் சிலிண்டருக்குள் விழும். காற்றடிக்கும் சைக்கிள் பம்ப் ஒன்று எங்கள் வண்டியில் இதற்காகவே கிடக்கிறது. மூன்றாவது, வயர்கள் இடம் மாறக்கூடாது. மச்சான் மூட்டையிலிருந்து கொஞ்சம் குங்குமம் எடுத்துக் குழைத்து வயர்களில் ஒரு பொட்டு, இரண்டு பொட்டு என்று நாலுவரை வைத்தான். ஆயுதபூஜைக்கு மட்டும்தான் வண்டிக்குப் பொட்டு வைக்கவேண்டும் என்று சட்டமா என்ன.

இரண்டாவது ப்ளக்கைக் கையில் எடுத்ததுமே தெரிந்தது. வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போல ஒரு விரிசல், அதை ஒட்டிக் கருப்பாக ஒரு கோடு. ஸ்பார்க் கீழே நுனிக்குப் போகாமல் அந்த விரிசல் வழியாக வெளிப்பக்கமே உலோகத்துக்குத் தாவியிருக்கிறது. மழை ஈரம் சேர்ந்ததும் அதற்கு வழி இன்னும் சுலபம். பீங்கான் இப்படி விரிவதற்குப் பெரும்பாலும் காரணம், ஸ்பேனரைச் சாய்வாக வைத்து அழுத்துவது அல்லது ப்ளக்கைக் கீழே போட்டுவிட்டு அப்படியே எடுத்து மாட்டுவது. புறப்படுவதற்கு முன்னால் ரங்கூனில் ஒரு பட்டறையில் நாலு ப்ளக்கும் புதுசு போட்டிருந்தார்கள். அங்கேயா, கடையிலேயா, யார் கையில் விரிந்தது என்று இனிமேல் சொல்ல முடியாது.

கருவிப்பெட்டியில் ஒரு பழைய ப்ளக் இருந்தது. மாட்டினோம். நாலு சிலிண்டரும் வேலை செய்தன, உதறல் நின்றது. மச்சான் ஸீட்டைப் போடச் சொன்னான். ஏற்றத்தில் மிதித்துப் பார்த்தால் திரும்பவும் லேசாக மிஸ். முன்னைப்போல மோசமில்லை, ஆனால் போகவில்லை.

இங்கேதான் மோல்மீன் மாமாவுக்கு வைபரில் பேசினேன். அவர் ஐம்பது வருஷமாக என்ஜின்களோடு இருப்பவர். "ப்ளக்கு செத்துச்சுன்னு சொல்லாத மாப்ளே. நாலையும் கழட்டி ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு வரிசையா வச்சு படம் எடுத்து அனுப்பு" என்றார். செத்த ஒன்றை மட்டும் பார்க்கிறவன் பாதிதான் பார்க்கிறான் என்பது அவர் கட்சி. நாலையும் சேர்த்து வைத்தால்தான் குற்றம் அந்த சிலிண்டருக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா என்று தெரியும்.

ப்ளக் நுனியின் நிறத்தைப் பற்றி அவர் சொல்லித் தந்ததையும், அதற்குப் பிறகு நானே பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெளிர் காப்பி நிறம் அல்லது சாம்பல் கலந்த பழுப்பு என்றால் ஆரோக்கியம். உலர்ந்த, கையில் ஒட்டுகிற கருங்கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சோக் ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது எங்களைப் போல மணிக்கணக்கில் ஊர்ந்திருக்கலாம். ஈரமாக, பிசுபிசுவென்று எண்ணெயாக இருந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து என்ஜின் ஆயில் மேலே வருகிறது, அதற்கு எத்தனை ப்ளக் மாற்றினாலும் பயன் இல்லை. சுண்ணாம்பாக வெளுத்து, கொப்புளம் கட்டி, முனை உருகியிருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. அதிகச் சூடு. பெட்ரோல் குறைவாகப் போகிறது, அல்லது ஸ்பார்க் வருகிற டைமிங் தப்பு, அல்லது அந்த என்ஜினுக்கு ஆகாத சூட்டு எண் உள்ள ப்ளக் (ப்ளக் எவ்வளவு சூட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் என்று காட்டுவது அந்த எண்). அப்படிப் பார்த்தால் மேற்கொண்டு ஓட்டக்கூடாது, பிஸ்டன் ஓட்டையாகும்.

எங்கள் ப்ளக்குகள் இதில் எதிலும் சேரவில்லை. உள்ளே பீங்கான்மேல் செங்கல் பொடி தூவினாற்போலச் சிவப்பு. ரங்கூனில் போட்டதில் மிச்சம் இருந்த மூன்றிலும் ஒரே மாதிரி, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. படத்தைப் பார்த்ததும் மாமா கேட்டது ஒரே கேள்வி: "எங்க பெட்ரோல் போட்ட?"

பட்டறைக்காரர் சோதனை ஓட்டத்துக்காகச் சாலையோரக் கடையில் போட்டு நிறைத்திருந்தார். பர்மாவில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், பங்க் இல்லாத இடங்களில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வரிசையாக வைத்து விற்பார்கள். எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன், பல தடவை அதுதான் என்னை வீடு சேர்த்திருக்கிறது. ஆனால் தரம் குறைந்த பெட்ரோலை 92 ஆக்டேன் போலக் காட்டுவதற்கு இரும்புச் சத்துள்ள ஒரு பொருளைக் கலப்பது உலகம் முழுக்க நடக்கிறது. ஃபெரோசீன் என்று பெயர். எரிந்தபின் அந்த இரும்பு பீங்கான்மேல் சிவப்பாகப் படியும். இரும்புப் படிவம் மின்சாரத்தைக் கடத்தும், சூடு ஏற ஏற இன்னும் நன்றாகக் கடத்தும். அதனால் நியூட்ரலில் ஒழுங்காக ஓடுகிற வண்டி ஏற்றத்தில் மிஸ்ஸாகும். கரி என்றால் துடைக்கலாம், வேகமாக ஓட்டி எரித்துவிடலாம். இந்தச் சிவப்புக்கு மருந்து கிடையாது, ப்ளக்கை மாற்றவேண்டியதுதான். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கவும் கூடாது, பிரஷ்ஷின் உலோகமே பீங்கானில் கோடு இழுத்துக் கரண்டுக்குப் புதுப் பாதை போட்டுவிடும்.

சரி, பிலின் வரைக்கும் ஏற்றத்தில் மிதிக்காமல் மெதுவாக உருட்டிக்கொண்டு போனோம். ஒரு சிலிண்டர் முழுக்கச் செத்திருந்தால் அப்படிக்கூடப் போயிருக்கமாட்டேன். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். புகையைச் சுத்தம் செய்கிற கேடலிடிக் கன்வர்ட்டர் உள்ள வண்டியில் அது சைலன்சருக்குப் போய் எரிந்து கன்வர்ட்டரைச் சிவக்கச் சூடாக்கும். வேறு வழியே இல்லாமல் போகவேண்டி வந்தால், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால், அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் பீய்ச்சுகிற இன்ஜெக்டரின் கனெக்டரையும் கழற்றிவிட்டுப் போங்கள். கார்பரேட்டரில் அந்த வசதி இல்லை.

பிலினில் உதிரிபாகக் கடைக்குக் குறைவில்லை. முதல் கடையில் கண்ணாடிப் பெட்டி முழுக்க ப்ளக். எனக்கு உயிர் வந்தது. எடுத்துப் பார்த்தால் எல்லாம் மோட்டார் சைக்கிளுடையது, மரை 10 மில்லிமீட்டர் தடிமன். எங்களுக்கு வேண்டியது 14. இன்னொரு கடையில் 14 இருந்தது, கடைக்காரப் பையன் "இது சேரும்" என்று அடித்துச் சொன்னான். மரை சேரும்தான். ஆனால் நீளம் அரை அங்குலம், எங்கள் ஹெட்டுக்கு வேண்டியது 19 மில்லிமீட்டர். குட்டையானதைப் போட்டால் நுனி உள்ளே எட்டாமல் குழிக்குள் ஒளிந்துகொள்ளும், ஒழுங்காக எரியாது, மிச்ச மரையில் கரி கட்டிக்கொள்ளும், பின்னால் சரியான ப்ளக் உள்ளே இறங்க மறுக்கும். நீளமானதைக் குட்டை ஹெட்டில் போட்டால் இன்னும் மோசம், பிஸ்டன் வந்து இடிக்கும்.

ப்ளக்மேல் இருக்கும் எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரரோடு வாதாடத் தேவை இல்லை. பி.பி.ஆர். 6 இ.எஸ். என்ற என்.ஜி.கே. கம்பெனி ப்ளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பி என்றால் 14 மில்லிமீட்டர் மரை. இரண்டாவது பி, நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை. ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு, ரேடியோவில் கரகரப்பு வராது. 6 சூட்டு எண். இ என்றால் 19 மில்லிமீட்டர் நீளம். அந்த இடத்தில் எச் இருந்தால் அரை அங்குலம். சூட்டு எண்ணில் ஒரு வம்பு உண்டு. என்.ஜி.கே., டென்ஸோ இரண்டிலும் எண் ஏற ஏற ப்ளக் குளிர்ந்தது. பாஷ், சாம்பியன் இரண்டிலும் தலைகீழ், எண் ஏற ஏற சூடானது. டென்ஸோ 20 என்றால் என்.ஜி.கே. 6க்குச் சமம். கம்பெனி மாற்றி வாங்கும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் கெட்டோம்.

கடைசியில் ப்ளக் கிடைத்தது ஒரு டீக்கடையில். சாலையோரமாக நின்று நானும் மச்சானும் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு அடுப்புப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா, "என்ன தம்பி, வண்டிக்கு என்ன?" என்றார். அவர் வீட்டுக்காரர் ரப்பர் ஷீட் ஏற்றுகிறவர், அவருக்கும் டவுன் ஏஸ். உள்ளே போய் ஒரு பால்மாவு டின்னைக் கொண்டுவந்தார். அதில் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றிய பழைய ப்ளக்குகள். ப்ளக் மாற்றும்போதெல்லாம் கழற்றினதில் நல்லதைத் துடைத்து எடுத்துவைப்பாராம் அவர். நாலு பொறுக்கி எடுத்தேன். நுனி காப்பி நிறம், முனைகள் கொஞ்சம் மழுங்கியிருந்தன, பீங்கானில் ஒரு கீறல் இல்லை. பழசுதானே என்று அக்கா சும்மா கொடுக்கவில்லை. புது விலையில் பாதி வாங்கிக்கொண்டார், டீக்குத் தனி. நியாயமான விலை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பழைய ப்ளக்கின் முனை தேய்வதால் இடைவெளி அகன்றிருக்கும். இடைவெளி அகன்றால் தாவ அதிக வோல்ட் வேண்டும், வயர் பழசாக இருந்தால் அது வேறெங்காவது கசியும். எங்கள் என்ஜினுக்கு 0.8 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் இல்லை. மாமா சொன்ன வழி: ஹாக்ஸா பிளேடின் தடிமன் 0.6க்குச் சற்று மேல், அதோடு நோட்டுப் புத்தகத் தாள் இரண்டு சேர்த்தால் கிட்டத்தட்ட 0.8. பிளேடையும் தாளையும் சேர்த்து நுழைத்து, இலேசாக உரசுகிற அளவுக்கு வெளி முனையை மட்டும் தட்டி வளைத்தோம். நடு முனையைத் தொடவே கூடாது. இரிடியம் ப்ளக்காக இருந்தால் இந்த வேலையே வேண்டாம், அதன் முனை ஊசி மாதிரி மெல்லியது, ஒடிந்துவிடும்.

மாட்டும்போது முதலில் கையால். ஒரு சாண் பெட்ரோல் ரப்பர் குழாயை ப்ளக்கின் தலையில் செருகி அதைப் பிடித்துத் திருகினால் மரை கோணலாக ஏறினாலும் குழாய் வழுக்கிவிடும், மரை பிழைக்கும். கையால் இறுகின பிறகு ஸ்பேனர். புது வாஷர் என்றால் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல். ஏற்கனவே நசுங்கின பழைய வாஷர் என்றால் சும்மா ஒரு அசைப்பு, சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. பலம் உள்ளவன் பலம் முழுக்கக் காட்டுகிற இடம் இது இல்லை. மச்சானிடம் ஸ்பேனரைக் கொடுக்கவில்லை.

இருட்டத் தொடங்கியிருந்தது, அதுவும் ஒரு வசதிதான். என்ஜினை ஓட்டிவிட்டு விளக்கை அணைத்துப் பார்த்தால் கசிகிற வயரில் நீலப் பொறி கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது வயரின் ரப்பர் மூடியில் ஒரு பொறி விட்டு விட்டு மின்னியது. துடைத்து உலர்த்தி, மூடியை நன்றாக அழுத்திவிட்டதும் நின்றது. பழைய பெட்ரோலைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டு ஊரில் இருந்த பங்க்கில் நிரப்பினோம். தட்டோன் வரை வண்டி ஒரு இடத்திலும் மிஸ்ஸாகவில்லை. இராத்திரி பாலத்தைத் தாண்டி மோல்மீன் போய்ச் சேர்ந்தபோது மாமா சாப்பிடாமல் காத்திருந்தார், எங்களுக்காக இல்லை, அந்தச் சிவப்பு ப்ளக்கைக் கையில் வாங்கிப் பார்ப்பதற்காக.

அதற்குப் பிறகு நான் வண்டியில் வைத்திருப்பது புது ப்ளக் பெட்டி இல்லை. ஊரில் இருக்கும்போதே புது செட்டைப் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிடுவேன், கழற்றிய பழைய செட் பெட்டிக்குப் போகும். என் கட்சி இதுதான்: ஓடிப் பழகின பழைய ப்ளக் நம்பகமான உதிரி, ஓடாத புது ப்ளக் வெறும் நம்பிக்கை. அதிலும் போலிச் சரக்கு நிறைய உலவுகிறது. வாங்கும்போது வாஷரை விரலால் இழுத்துப் பாருங்கள், அசலில் அது சுலபமாகக் கழன்று வராது. நடு முனை நடுவில் இருக்கிறதா, எழுத்து அழியாமல் தெளிவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய செட்டோடு, உள்ளே ரப்பர் வைத்த ப்ளக் ஸ்பேனர் ஒன்று கட்டாயம் வேண்டும். அந்த ரப்பர்தான் பீங்கானை விரியாமல் காக்கும். தலை 16 மில்லிமீட்டரா 21ஆ என்று உங்கள் வண்டியில் போட்டுப் பார்த்தபின் வாங்குங்கள்.

இரிடியம் போட்டால் ஒரு லட்சம் கிலோமீட்டர்கூட வரும், இந்தத் தொல்லையே இல்லையே என்று மச்சான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான். நல்ல பெட்ரோல் கிடைக்கிற ஊரில் அது சரி. பாட்டில் பெட்ரோல் ஊற்ற நேர்கிற சாலையில் இரிடியத்தின் பீங்கானும் அதே சிவப்பு நிறமாகத்தான் போகும். சாதாரண நிக்கல் ப்ளக் 20,000, 30,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றினால் போதும், விலையும் சில மடங்கு குறைவு.